இனிக்காத புல்

காரைக்குடியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன ஆடியில் அவர் கொட்டடிக்குப் போயிருந்தபோது என் காலடியில் இரண்டு புல்லுக்கட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று பச்சை மாறாமல் காய்ந்தது. கட்டை அவிழ்த்ததும் வாசனை வந்தது. இன்னொன்று வெளிறி, முரடாக, கூரை வேயத்தான் லாயக்கு என்று சொல்லும்படி இருந்தது.

"அண்ணே, இந்தப் பிள்ளை கால் நோவு கண்டு எந்திரிச்ச பிள்ளை. இதுல எதைப் போடுறது?"

பிள்ளை என்றது அவருடைய வெள்ளைப் பெட்டைக் குதிரையை. அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருக்கும் அத்தனை பேரும் பச்சைக் கட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு நிமிஷம் அதைத்தான் சொல்ல இருந்தேன். புல்லை விட்டுவிட்டு முதலில் குளம்பைப் பார்த்தேன்.

முன்னங்கால் குளம்பின் சுவரில் வயல் வரப்பு மாதிரி ஒரு வளையம் மேடிட்டு ஓடியது. முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போயிற்று. மேலே மயிர் முடிகிற கோட்டிலிருந்து அளந்தால் ஐந்து சென்டிமீட்டர். குதிரைக் குளம்பு நம் நகம் போல மேலே முளைத்துக் கீழே இறங்குவது. மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர். பின்னோக்கி எண்ணினால் ஆடியிலிருந்து போய்த் தை மாதத்தில் நிற்கிறது கணக்கு.

"தையில என்ன போட்டீங்க?"

சிரித்துவிட்டார். "முகூர்த்த மாசம்ல... தெம்புக்குக் கொள்ளும் தவிடும் கூடுதலா வச்சேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு வெல்லமும் சர்க்கரைப் பொங்கலும் ஊட்டுனாக. பத்து நாள்ல படுத்திருச்சு."

வெறும் வளையத்தை வைத்து நோயை முடிவு கட்டக்கூடாது. காய்ச்சல் வந்தாலும், தீவனம் மாறினாலும், மழைக்காலம் வந்தாலும் குளம்பில் வளையம் விழும். அவை எல்லாம் சமதூரத்தில், வாய்க்கால் கோடு மாதிரி இணையாக ஓடும். முன்னே சுருங்கிக் குதிகாலில் விரிந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். குளம்பின் முன்பகுதி வளர்ச்சி தடைப்பட்டு, குதிகால் வழக்கம்போல் வளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மரத்தின் ஆண்டு வளையத்தைப் படிப்பது போலப் படிக்கக் கூடிய சங்கதி இது.

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நகத்தின் மேல். அந்த நகத்துக்குள்ளே கடைசி விரல் எலும்பு இருக்கிறது. அது அடிப்பாதத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள். தூளியில் பிள்ளை தொங்குவது போலக் குளம்புச் சுவரிலிருந்து தொங்குகிறது. 350 கிலோ குதிரையும் மேலே மாப்பிள்ளையும் இந்த நான்கு தூளிகளில்தான் தொங்குகிறார்கள்.

தூளியின் கயிறு எது? குளம்புச் சுவரின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. எலும்பைப் போர்த்திய உள்தோலிலும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, இரு முதுகையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். பசை இல்லாமலே பிரியாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றைம்பது இருநூறு குட்டி மடிப்புகள். ஒரு குளம்புக்குள் இவை எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு சதுர மீட்டரை நெருங்கும் என்கிறார்கள். இந்த மடிப்புகளை நான் இதழ்கள் என்கிறேன். இதழ்கள் வெந்து, பிடி நழுவுவதுதான் நண்பர் சொன்ன கால் நோவு. மருத்துவர்கள் லேமினைட்டிஸ் என்பார்கள். தமிழில் இதழழற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடி நழுவினால் எலும்பு கீழே இறங்கும், அல்லது நுனி கீழ்நோக்கித் திரும்பும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிக்கொண்டு எடையைக் குதிகாலில் போட்டு நிற்கும். குளம்பைத் தொட்டால் சுடும். கணுவுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி தெறிக்கும். தேறி வந்த பிறகும் அந்த இடம் கிழிந்து தைத்த துணிதான். அதனால்தான் நோய் வந்துபோன குதிரைக்குப் புல் தேடுவது வேறு வேலையாகிறது.

புல்லுக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம்? தானிய மூட்டையை உடைத்துத் தின்ற குதிரை முடமாகும் என்பது குதிரைக்காரர்களுக்குப் பல நூறு வருஷமாகத் தெரியும். 1948இல் ஸ்வீடன் நாட்டு நீல்ஸ் ஓபெல் இந்த நோயை ஆராய்ந்து, நொண்டுவதை நான்கு படிகளாகப் பிரித்தார். அந்தப் படிகளை இன்றைக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூட்டையை உடைக்காத, வெறும் புல் தின்ற குண்டுக் குதிரைகளும் ஏன் படுத்தன என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது.

விடையின் பெரும்பகுதி 2007இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கிடைத்தது. கிறிஸ் பொலிட் குழுவினர் நோயே இல்லாத மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றினார்கள். இன்சுலின் ஏற்றினால் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். அது இறங்காமல் கூடவே குளுக்கோஸும் ஏற்றி, சர்க்கரையைச் சாதாரண அளவிலேயே நிறுத்தினார்கள். அதாவது மாற்றியது ஒன்றே ஒன்று, இன்சுலின். 72 மணி நேரத்துக்குள் இன்சுலின் ஏறிய அத்தனை குதிரைகளுக்கும் இதழழற்சி வந்தது. மட்டக்குதிரை இனத்துக்கே உள்ள கோளாறோ என்ற சந்தேகமும் 2010இல் தீர்ந்தது: பெரிய இனக் குதிரைகளிடம் அதையே செய்தபோது 48 மணி நேரம் போதுமாக இருந்தது. சோதனை முடிவில் அந்தக் குதிரைகளைக் கொன்றுதான் குளம்பை ஆராய்ந்தார்கள். இந்தப் பத்தியை எழுதும்போது அதுவும் மனசில் உறுத்துகிறது.

குற்றவாளி ரத்தத்தில் நிற்கிற சர்க்கரை என்பதைவிட, அந்தச் சர்க்கரையை அடக்க உடல் கொட்டுகிற இன்சுலின் என்பது இதனால் தெளிவாயிற்று. சில குதிரைகளின் உடலுக்கு இன்சுலின் சொல் காதில் ஏறாது. ஒரு தடவைக்கு நாலு தடவை கத்த வேண்டும், அதாவது நாலு மடங்கு சுரக்க வேண்டும். அப்படிச் சுரந்துகொண்டே இருப்பதால் ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் ஒழுங்காகவே காட்டும். நண்பர் தன் அப்பாவின் சர்க்கரை பார்க்கிற கருவியில் குதிரையின் ரத்தத்தையும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "நார்மல்தாண்ணே" என்று நிம்மதியாக இருந்தார். அந்தக் கீற்றுப்பட்டை மின்வேதியியலால் வேலை செய்வது. நம்மூர் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்காரர்களுக்குச் சொந்தக்கார சமாச்சாரம். ஆனால் அது குளுக்கோஸைத்தான் எண்ணும், இன்சுலினை எண்ணாது. அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இந்த இடத்தில் பாண்டிய நாட்டுப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரைக்குமேல் வாங்கியும் ஆண்டு முடிவில் சில நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, வேகவைத்த சோற்றோடு இறைச்சியும் போடுகிறார்கள், இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணிப் பிறக்கின்றன என்று எழுதி வைத்தார். சற்றுப் பிந்தி பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லி, வெண்ணெயில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று ஒரு தீவனப் பட்டியலே கொடுக்கிறார். குதிரை வாங்கப் போன பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிய கதை வழங்கும் ஆவுடையார்கோயில் காரைக்குடிக்குப் பக்கம்தான். எத்தனை அரபிக் குதிரைகள் இங்கே இதழழற்சியில் செத்தன என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்குக் குளம்பு சுடுகிறது. பொங்கலுக்கு வெல்லம் ஊட்டிய அன்பும் அதே ரகம்தானே. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொழுத்த குதிரைக்கு அந்தக் கொள்ளும் வேண்டாம்.

புல்லில் இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று நார். அதைக் குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் மெல்லப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலமாக மாற்றும், இன்சுலின் அலட்டிக்கொள்ளாது. இன்னொன்று கரையும் சர்க்கரை, மாவுச்சத்து, ஃபிரக்டான் எனப்படும் சர்க்கரைத் தொடர். இந்த மூன்றையும் சேர்த்து நாரிலிச் சர்க்கரை என்று பெயர் வைப்போம். நோய் கண்ட குதிரைக்கு, காய்ந்த எடையில் இது 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும் புல் வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு.

எந்தப் புல்லில் எவ்வளவு என்பது புல்லின் குடும்ப நிர்வாகத்தைப் பொறுத்தது. பகலில் வெயில் இருக்கும்வரை இலை சர்க்கரை சம்பாதிக்கும். இரவில் அதைச் செலவழித்துத் தண்டும் தளிரும் கட்டும். ஆகவே விடியலில் அறுத்த புல்லில் சர்க்கரை குறைவு, மாலையில் அறுத்ததில் கூடுதல். ஒரே வரப்பு, ஒரே நாள், ஒரே அரிவாள்தான்.

வறட்சியில்தான் நமக்கு வேடிக்கை. தண்ணீர் இல்லாவிட்டால் புல் வளர்வதை முதலில் நிறுத்தும். சம்பாதிப்பதைக் கடைசியில்தான் நிறுத்தும். வீடு கட்டுகிற வேலை நின்றுவிட்டது, வரவு நிற்கவில்லை என்றால் பணம் எங்கே போகும்? ஆச்சியின் பெட்டகத்துக்குத்தான். கண்மாய் வற்றி, பொட்டலில் வாடி நிற்கிற புல்லைப் பார்த்து, சத்தில்லாத சக்கை என்று நாம் நினைப்போம். அதில் சர்க்கரை சேர்ந்திருக்கலாம். காய்ச்சுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அறுத்த புல் உயிரோடிருக்கும்வரை சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சுள்ளென்ற வெயிலில் ஒரே நாளில் சருகானால் செலவழிக்க நேரமில்லை. இனிப்பு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். மாடு வளர்ப்பவர் மெச்சுகிற "பச்சை மாறாத" கட்டு பெரும்பாலும் இப்படிச் சீக்கிரம் காய்ந்த கட்டுதான்.

இதற்குமேல் புல்லின் சாதி இருக்கிறது. குளிர்நாட்டுப் புற்கள் முதலில் மூன்று கரிம அணு உள்ள பொருளைச் செய்பவை. முக்கரிமப் புல் எனலாம். வெப்பநாட்டுப் புற்கள் பல, நான்கு கரிம அணுப் பொருளில் தொடங்கும் நாற்கரிமப் புற்கள். கரும்பை ஆராய்ந்து 1966இல் இதை விளக்கியவர்கள் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர், அதுவும் குவீன்ஸ்லாந்தில்தான். நமக்கு வேண்டிய வித்தியாசம் சேமிப்பில் இருக்கிறது. முக்கரிமக் குளிர்ப்புல் மிச்சச் சர்க்கரையை ஃபிரக்டானாக்கி வேறு அறையில் போட்டுவைக்கும். போடப் போட இடம் இருக்கும். நாற்கரிமப் புல்லின் இலை, மிச்சத்தை மாவுச்சத்தாக்கிப் பட்டறைக்குள்ளேயே அடுக்கும். கண்டாங்கிச் சேலை நெய்கிற தறிக்கூடத்தில், நெய்ததை எல்லாம் வெளியே அனுப்பாமல் தறியைச் சுற்றியே அடுக்கினால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் நெசவாளிக்குக் கால் வைக்க இடமிருக்காது, தறி நிற்கும். அதனால் இந்த இலைகளில் சேமிப்புக்கு இயல்பாகவே ஒரு வரம்பு உண்டு.

செட்டிநாட்டுச் செம்மண்ணில் தானாக முளைக்கும் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் நாற்கரிமப் புற்கள். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் குதிரைக்குக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடும் பெர்முடா புல் வேறெதுவுமில்லை, நம் அருகுதான். ஜார்ஜியாவில் கிளென் பர்ட்டன் அதிலிருந்து ஒரு ஒட்டுரகம் உண்டாக்கி 1943இல் வெளியிட்டார். பிள்ளையாருக்கு வைப்பதை அங்கே ஏக்கர் கணக்கில் உரம் போட்டு வளர்க்கிறார்கள்.

அப்படியானால் நாற்கரிமம் என்றாலே கவலையில்லை என்று கிளம்பிவிடக் கூடாது. கரும்பும் நாற்கரிமப் புல்தான்! இலையில் வரம்பு இருக்கலாம். தண்டில் கிட்டங்கி வைத்திருக்கும் புல்லுக்கு அந்த வரம்பு பொருந்தாது. கரும்புத் தோகையும், சாறுள்ள சோளத்தட்டையும் இந்தக் குதிரைக்கு ஆகாது. பால்மாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த தீவன ரகங்கள் இனிப்புக்கும் சாற்றுக்கும் பேர் போனவை. பால்காரர் நல்ல புல் என்றால், அந்தச் சொல்லை நம் குதிரை தலைகீழாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்ஸைக் கதிரோடு அறுத்துக் காயவைத்து வடக்கேயிருந்து வருகிற கட்டும் இனிப்பு ரகம்தான்.

"பேசாம வைக்கோலைப் போட்டுர்றேன்" என்றார் நண்பர். இது மொழியில் இருக்கும் பள்ளம். கதிர் முற்றி நெல்லைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் தாளும், தீவனத்துக்கென்றே பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்த புல்லும் வேறுவேறு பொருள்கள். நமக்கு வைக்கோல் உண்டு, வைக்கோற்போர் உண்டு. இரண்டாவதற்கு அன்றாடப் பேச்சில் சொல்லே இல்லை. அன்றன்றைக்குப் பச்சையாக அறுத்துத் தலையில் சுமந்து வந்தே பழகியவர்கள் நாம். உலர்புல் என்று வேளாண் துறைப் புத்தகத்தில் எழுதியிருக்கும். நெல் வைக்கோல் வயிற்றை அடைக்கும். மணற்சத்து மிகுதி, புரதம் சொற்பம், வேண்டிய தாதுக்கள் குறைவு. அதையே முழுத்தீவனமாக்கினால் குடல் கட்டிக்கொள்ளும்.

சரி, கொழுக்கட்டைப் புல்லே போதுமே என்றால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. வெப்பநாட்டுப் புற்கள் சிலவற்றில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். கொழுக்கட்டைப் புல்லும் நேப்பியரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும். பசுவின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் பசுவுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. உணவில் சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் உடல் சொந்த எலும்பைக் கரைக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் முக எலும்பு இருபுறமும் நார் பாய்ந்து வீங்கும், அங்கங்கே நொண்டும். கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலில் குவீன்ஸ்லாந்துக் குதிரைகள் இப்படிப் பெருந்தலையாகி நின்றதைப் பார்த்துத்தான் காரணத்தைத் தேடிப் பிடித்தார்கள். அதோடு தவிட்டையும் சேர்த்தால் நிலைமை மோசம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் சுண்ணாம்புக்கு எதிராளி. சர்க்கரைக்குப் பயந்து ஓடி எலும்பைத் தொலைத்த கதையாகிவிடும்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு செடி இருக்கிறது, குதிரை மசால். பேரிலேயே குதிரை இருப்பதால் எல்லாரும் அள்ளிப் போடுவார்கள். அவரை இனத்துச் செடி. ஃபிரக்டான் சேர்ப்பதில்லை, சுண்ணாம்பு நிறைய உண்டு. ஆனால் புரதமும் கொழுக்கவைக்கும் சக்தியும் கூடுதல். கொழுத்த குதிரைக்கு அது சாதமாகக் கூடாது, ஊறுகாயாக இருக்க வேண்டும். அருகும் கொழுக்கட்டையும் கலந்த கட்டோடு தினம் ஒரு சிறு பங்கு, மேலே மருத்துவர் சொல்லும் தாது உப்பு. கடலைக்கொடியும் அவரை இனம்தான். அறுவடைக்குப் பிறகு இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கொடியோடு வரும் செம்மண் குடலில் படியும், ஈரத்தில் கிடந்திருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். உதறிப் பார்த்துத் தூசி பறந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

கடைசியில் கண்ணையும் நாக்கையும் நம்ப முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். நண்பர் இரண்டு கட்டிலிருந்தும் ஒரு தாளை வாயில் போட்டு மென்று பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தாண்ணே இருக்கு." ஃபிரக்டானும் மாவுச்சத்தும் நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது. ஒரே வழி ஆய்வகம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கொண்டுபோகும்போது ஒரு கட்டின் மேற்பிடியை மட்டும் உருவிக் கொடுத்தால் பிரயோசனமில்லை. ஒரு சோறு பதம் என்பது பானைக்குப் பொருந்தும், புல்லுக்கட்டுக்குப் பொருந்தாது. பத்துப் பன்னிரண்டு கட்டுகளின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். மாட்டுத் தீவனத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் புரதம், நார், சாம்பலோடு கரையும் சர்க்கரையும் மாவுச்சத்தும் தனியே வேண்டும், அதைச் செய்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? ஊறவைப்பது. உலர்புல்லைத் தண்ணீரில் முக்கிவைத்தால் கரையும் சர்க்கரை கொஞ்சம் வெளியேறும். எவ்வளவு என்பது புல்லுக்குப் புல் மாறும். வெளிநாட்டுச் சோதனைகளில் ஒரு புல் பாதிவரை இழந்திருக்கிறது, இன்னொன்று பேருக்குத்தான் இழந்தது. மாவுச்சத்து கரையாது. ராத்திரி முழுக்க ஊறினால் கூடுதலாகப் போகும் என்பது குளிர்நாட்டு யோசனை. நம் வெயிலில் அது காலைக்குள் புளித்துவிடும். அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம், பிறகு வடித்து உடனே போட்டுவிட வேண்டும். அளவும் முக்கியம். உடல் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது 350 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஐந்து கிலோ சொச்சம் உலர்புல். தராசில் நிறுத்துப் பல தடவையாகப் பிரித்து. குண்டாக இருக்கிறதே என்று பட்டினி போட்டால் கொழுப்பு ரத்தத்தில் வழிந்து ஈரலை அடைக்கும், அது இதைவிடக் கொடுமை.

அன்றைக்கு அந்தப் பச்சைக் கட்டை எடுத்துக் கொட்டடி ஓரத்துச் சிமென்ட் தொட்டியில் அமுக்கினோம். மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது தண்ணீரும் டீ நிறத்துக்கு வந்திருந்தது. நண்பர் புல்லை உதறிக் கயிற்றில் தொங்கவிட்டார். சொட்டச் சொட்டக் குதிரை மூக்கை நீட்டிப் பார்த்து, நம்பிக்கையில்லாமல் ஒரு வாய் இழுத்தது. தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப் போனவரைப் பக்கத்து வீட்டு அப்பத்தா சுவருக்கு மேலிருந்து தடுத்தார்.

"ஏப்பா, அதை ஏன் கொட்டுற? எங்க லட்சுமிக்கு ஊத்து."

லட்சுமி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.